பெற்றோல் செட் படத்துக்குக் கீழே ஒரு மேசை

சாவியை வாங்கிக் கடையைத் திறந்த முதல் நாள், உள்ளே கால் வைத்ததும் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "உதுகளை முதல்ல கழட்டுங்கோ" என்பதுதான்.

உதுகள் என்று அவள் சொன்னது சுவர்களில் தொங்கிய பதினான்கு படங்களை. லண்டன் இல்ஃபோர்ட்டில் நாங்கள் எடுத்த அந்தக் கடை அதற்கு முன்பு அமெரிக்கப் பாணியில் பர்கரும் மில்க் ஷேக்கும் விற்ற இடம். சிவப்பு ரெக்சின் இருக்கைகள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கவுண்டருக்கு முன்னால் சுற்றுகிற ஆறு உயரமான ஸ்டூல்கள். நடத்தியவர் ஒரு சைப்ரஸ்காரர். "அமெரிக்காவில் இருந்தீர்களா?" என்று அவரைக் கேட்டேன். "நானா? விமானத்தில் ஏறினால் எனக்கு வயிற்றைப் பிரட்டும். வருடம் ஒருதரம் ஊருக்குப் போய் வருவதே பெரிய பாடு" என்று சிரித்தார். படங்களை, வேறு யாரோ தங்கள் கடையை மூடியபோது இவர் மொத்தமாக வாங்கினாராம்.

எல்லாம் எழுபது வருடத்துக்கு முந்திய அமெரிக்க வீதிகள். மீன் செட்டை மாதிரிப் பின்பக்கம் மேலே எழும்பிய நீண்ட கார்கள். பாலைவனத்துக்கு நடுவே ஒரே கோடாக ஓடுகிற வீதி. பளபளவென்று தேய்த்து வைத்த சருவச் சட்டி போல மின்னும் தூரப் பயண பஸ், அதில் ஏறுவதற்குத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல நிற்கும் சனங்கள். காலில் சக்கரச் சப்பாத்து மாட்டிய பெண் ஒருத்தி, கார்களுக்குள் இருப்பவர்களுக்குத் தட்டில் சாப்பாடு கொண்டுபோகிறாள். வேறொரு படத்தில் வீதியோரமாக ஒரு தோடம்பழம்; ஒரு வீட்டளவு பெரியது. அதன் வயிற்றில் யன்னல் வெட்டி உள்ளேயிருந்து யாரோ ஆரஞ்சு ஜூஸ் விற்கிறார்கள். பிறகு ஒரு மோட்டல், அதன் முன்னால் நீச்சல் குளம், குளத்துப் பலகையின் நுனியில் நீச்சலுடையோடு ஒரு பெண், இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கத் தயாராக.

"சேர்ச் ஆக்கள் சாப்பிட வருவினம். இவ குதிக்கிறதைப் பாத்துக்கொண்டே புட்டுச் சாப்பிடுறது?" என்றாள் மனைவி.

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கழற்ற நேரம் கிடைக்கவில்லை. நான் அதுவரை ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கியவன். அவள் ஒரு பாடசாலைச் சமையலறையில் பதினொரு வருடம் வேலை செய்தவள். ஐம்பது கடந்த பிறகு கடை நடத்தப் புறப்பட்ட எங்களுக்குச் சமையலறைப் புகைபோக்கி, கவுன்சில் பரிசோதனை, இடியப்ப உரலுக்கு இடம் என்று ஆயிரம் வேலை. படங்கள் அப்படியே தொங்கின.

கடை திறக்கப் பத்து நாள் இருக்கும்போது மனைவியின் அக்கா பெரிய முருகன் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். மனைவி யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். நான் மன்னார்க் கத்தோலிக்கன். அடுத்த நாளே எங்கள் பங்கிலிருந்து மாதா படம் வந்தது. இரண்டும் ஒரே அளவு. இரண்டையும் கொண்டுவந்தவர்கள், வாசலுக்கு நேரே இருக்கிற சுவரின் நடுவைத்தான் காட்டினார்கள். அந்த நடுவில் ஓர் ஆணிதான் அடிக்கலாம். இரண்டு பக்கத்து உறவுகளும் தொலைபேசியில் என்னை விசாரிக்கிற சாட்டில் சுவரை விசாரித்தார்கள்.

மனைவிதான் தீர்த்துவைத்தாள். இரண்டு படத்தையும் கைபேசியில் படமெடுத்து, உள்ளங்கை அளவில் அச்சடித்து, கல்லாவுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "சுவர் இருந்தபடி இருக்கட்டும்" என்றாள். "அந்தக் கார்களுக்குச் சமயம் இல்லைத்தானே."

நீச்சல்காரிக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுகிற சிறிய பலகையை அவளுக்கு மேல் கொழுவினோம். ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி என்று எழுதிய பலகைக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

இப்படித்தான் எங்கள் கடை, அமெரிக்கச் சுவர்களோடும் யாழ்ப்பாணச் சாப்பாட்டோடும் நடக்கத் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் மேசைகளுக்கு இலக்கம் தேவைப்படவில்லை. "தோடம்பழத்துக்கு ரெண்டு பால் அப்பம்", "பஸ்ஸுக்குத் தண்ணி", "பாலைவனத்துக்கு இன்னும் கொஞ்சம் சொதி" என்றுதான் சமையலறைக்குச் சத்தம் போவது. வாடிக்கையாளர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். தொலைபேசியில், "மோட்டல் மேசை இருக்கோ, ஆறு பேர் வாறம்" என்று கேட்பார்கள்.

இன்னொரு படத்தில் ஒரு பெற்றோல் செட், கார்கள் வந்து பெற்றோல் அடிக்கிற நிலையம். அதற்குக் கீழே இருந்தது இரண்டு பேர் இருக்கிற சிறிய மேசை. அதற்கு நிரந்தரமாக ஓர் ஆள் இருந்தார். அவரை நான் இங்கே பெற்றோல்காரர் என்றே சொல்கிறேன், ஏனென்றால் உண்மையிலேயே அவர் ஒரு பெற்றோல் செட்டில்தான் வேலை செய்தார். ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்யவில்லை. பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறையில் தனியாக இருந்தார். காலை ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து, மத்தியானம் இரண்டரைக்கு வந்து, இடியப்பமும் மீன் குழம்பும் சொல்லிவிட்டு அண்ணாந்து படத்தைப் பார்ப்பார்.

படத்தில் ஒரு பச்சைக் கார் வந்து நிற்கிறது. சீருடையும் கழுத்துப்பட்டியும் அணிந்த நான்கு பேர் அதைச் சூழ்ந்திருக்கிறார்கள். ஓட்டுகிற இருக்கையில் வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண்மணி, மகாராணி மாதிரி.

"அண்ணை, ஒரு காருக்கு நாலு பேர்" என்று ஒருநாள் சொன்னார். "ஒருத்தன் கண்ணாடி துடைக்கிறான். ஒருத்தன் பொனட்டைத் திறந்து பாக்கிறான். ஒருத்தன் டயருக்குக் காத்துப் பாக்கிறான். மற்றவன் பெற்றோல் அடிக்கிறான். நாலு பேரும் சிரிக்கிறாங்கள். நான் இருபத்தொரு வருசம் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறன். 'நம்பர் ஃபோர்' எண்டு சொல்லுவினம், கார்டைத் தட்டுவினம், போவினம். என்ர முகம் ஒருத்தருக்கும் தெரியாது."

"உமக்கு அவையின்ர முகம் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"முகம் தெரியாது. காரைத் தெரியும்."

அது வெறும் பேச்சில்லை. எந்தக் காரைச் சொன்னாலும் அதன் பெற்றோல் மூடி எந்தப் பக்கம் என்று சொல்லுவார். எங்கள் கடை யன்னலில் நின்று போகிற வருகிற கார்களைக் காட்டிக் கேட்பதும், அவர் "இடது", "வலது", "இது வலது, ஆனா பழைய மொடல் இடது" என்பதும் மந்தமான பின்னேரங்களில் எங்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. சத்தத்தை வைத்தே எந்த எஞ்சினுக்கு எந்த ஒயில் என்று சொல்லுவார். எங்கள் பழைய வான் வண்டி வருத்தம் வந்து கிரீச்சிட்டபோது, வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்ன பெல்ட்தான் என்று சொன்னவர் அவர். கராஜ்காரன் அரை மணித்தியாலம் தேடி அதையே சொன்னான்.

ஒரு சனிக்கிழமை அந்த மேசையில் வேறு ஆள் இருந்தார்.

நாற்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். திருச்சிப் பக்கம். எலிசபெத் லைன் ரயிலில் நாலைந்து தரிப்புத் தூரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வாரம் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் தன் சின்ன நீலக் காரில் வந்து ஆற அமரச் சாப்பிடுகிறவர். அன்றைக்குத்தான் அந்த மேசையில் முதல் தடவையாக உட்கார்ந்திருந்தார்.

பெற்றோல்காரர் வந்து பக்கத்தில் நின்றார். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க?"

"இது... நான் வழமையா இருக்கிற மேசை."

"அப்படியா? பேரு எழுதியிருக்கா?"

"பேர் எழுதேல்லை. ஆனா இவையளுக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினார். நான் உடனே கல்லாவுக்குள் எதையோ தேடினேன்.

"பஸ் படத்துக்குக் கீழ காலியா இருக்கே. அங்க உக்காருங்களேன்."

"பஸ்ஸிலதான் இப்ப வந்தனான்" என்றார் பெற்றோல்காரர் மிகவும் தீவிரமாக.

நர்ஸ் சிரித்துவிட்டார். எதிர் நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காருங்க. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்."

அன்று இருவரும் ஒரு மேசையில் சாப்பிட்டார்கள். நான் சொதி ஊற்றுகிற சாட்டில் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன். பேச்சு முழுக்கப் படத்தைப் பற்றித்தான். பெற்றோல்காரர் நாலு வேலையாட்களின் சிரிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க அவங்களப் பாக்கறீங்க. நான் அந்த அம்மாவப் பாக்கறேன்" என்றார் நர்ஸ். "கார விட்டு எறங்கவே இல்ல பாருங்க. நாலு பேரு சுத்தி நின்னு கவனிச்சுக்கறாங்க. எனக்கு அப்படி ஒரு நாள் வேணும், ஒரே ஒரு நாள்."

பெற்றோல்காரர் படத்தை அதுவரை பார்க்காத ஒரு படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை அவர் வரும்போது நர்ஸின் பை தரையில்தான் இருந்தது.

இப்படி மூன்று நான்கு மாதம் போனது. அந்தச் சனிக்கிழமை நடந்ததை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. கடைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம்தான் கார் நிறுத்தலாம். நர்ஸ் கைகழுவப் போயிருந்தார். நான் வாசலில் நின்று பார்க்கிறேன், அபராதம் எழுதுகிற கவுன்சில் வார்டன் தெருமுனையில் கார் காராகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறார். நான் உள்ளே திரும்பி, "வார்டன் வாறார், நீலக் கார்!" என்று கத்தினேன். நர்ஸ் ஈரக் கையோடு ஓடி வந்து, மேசையில் கிடந்த சாவியை எடுத்துப் பெற்றோல்காரரிடம் எறிந்தார். அவர்தான் வாசலுக்குக் கிட்ட இருந்தார்.

"கொஞ்சம் வண்டிய எடுத்துப் பின்னாடி விட்டுருங்க, பிளீஸ்!"

பெற்றோல்காரர் சாவியோடு வெளியே போனார். காரடியில் போய் நின்றார். கதவைத் திறந்தார். திரும்ப மூடினார். காரை ஒருதரம் சுற்றி வந்தார். பெற்றோல் மூடியைத் தொட்டுப் பார்த்தார். கடைக்குள் இருந்த அத்தனை பேரும் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வார்டன் வந்தார், நின்றார், படமெடுத்தார், காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டினார், போனார். பெற்றோல்காரர் அவரைத் தடுக்கவும் இல்லை.

உள்ளே வந்து சாவியை மேசையில் வைத்தார். முகம் கறுத்திருந்தது.

"எனக்குக் கார் ஓடத் தெரியாது."

ஸ்டூலில் இருந்த ஒருவர் மெல்லத் திரும்பினார், அந்த ஸ்டூல் கிரீச்சிட்டது.

"என்ன சொல்றீங்க?" என்றார் நர்ஸ்.

"வந்த புதுசில விசா இல்லை, லைசென்ஸ் எடுக்க ஏலாது. ஏழு வருசம் அப்பிடியே போச்சு. பிறகு வேலை, பிறகு தங்கச்சிமாரின்ர கலியாணங்கள். பிறகு... வெக்கம். பெற்றோல் செட்டில நிண்டுகொண்டு கார் ஓடத் தெரியாது எண்டு ஆருக்குச் சொல்லுறது? ஃபைனை நான் கட்டுறன்."

நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று மனைவி கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அழவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்பது எப்படியோ எல்லோருக்கும் விளங்கியது. கொஞ்ச நேரத்தில் பெற்றோல்காரரும் சிரிக்கத் தொடங்கினார். அவர் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஃபைனெல்லாம் நீங்க கட்ட வேணாம்" என்றார் நர்ஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்க ஓட்டக் கத்துக்கணும். அதுதான் ஃபைன்."

அதற்குப் பிறகு எங்கள் கடை சில காலம் ஒரு சாரதிப் பாடசாலை மாதிரித்தான் இருந்தது. நர்ஸ் தியரி புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். மனைவி அதை எடுத்துச் சமையலறையில் வைத்துக்கொண்டு, இடியப்பத் தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருப்பாள்.

"முப்பது மைல் வேகத்தில ஓடுறீங்கள். பிரேக் போட்டா எத்தினை மீட்டர் போய் நிக்கும்?"

"இருபத்திமூண்டு."

"சரி, இந்தாங்கோ" என்று அப்போதுதான் தட்டு இறங்கும். பிழையாகச் சொன்னால் சம்பல் கிடையாது. தோடம்பழ மேசையிலிருந்தும் பாலைவனத்திலிருந்தும் ஆட்கள் பதில் எடுத்துக் கொடுப்பார்கள். இருபது வருடம் கார் ஓடுகிற எனக்கே பாதிக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதை நான் வெளியே சொல்லவில்லை.

தியரியை அவர் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினார். ஓட்டுவதுதான் பிரச்சினை. ஒரு ஆசிரியரிடம் வாரம் இரண்டு மணித்தியாலம் பழகினார்; சனிக்கிழமைகளில் நர்ஸோடு அவருடைய நீலக் காரில், முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டிக்கொண்டு. சாப்பிட்ட பிறகு இருவரும் புறப்படுவார்கள். திரும்பி வரும்போது நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டு வருவார்.

"அக்கா, ஒரு பிளெயின் டீ குடுங்க. கான்ட்ஸ் ஹில் ரவுண்டானால பதினைஞ்சு நிமிஷம் நின்னோம். எல்லாரையும் போக விடறாரு. பின்னாடி ஒரு ஊரே ஹாரன் அடிக்குது. இவரு எல்லாருக்கும் கைகாட்டி தேங்க்ஸ் சொல்லிட்டிருக்காரு."

"அவையள் அவசரமாப் போகினம். எனக்கென்ன அவசரம்?" என்பார் பெற்றோல்காரர்.

முதல் தேர்வில் அதனால்தான் தோற்றார். தேவைக்கு மேல் தயங்குகிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் புறப்படுவதற்கு முன் பரிசோதகராக வந்த அம்மா கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதிலைப் பற்றித்தான் கடையில் ஒரு வாரம் கதைத்தோம். ஒயில் அளவை எப்படிப் பார்ப்பீர்கள் என்று அந்த அம்மா கேட்டாராம். இவர் பொனட்டைத் திறந்து, ஒயிலின் வகைகள், எந்தப் பருவத்துக்கு எது, மலிவு ஒயிலால் வருகிற கெடுதி என்று தொடங்கிவிட்டார். அந்த அம்மா கடைசியில் கையை உயர்த்தி, "போதும், ஐயா, நான் என் காருக்கு எதை வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாராம்.

இரண்டாவது தேர்வுக்கு இடம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதிலும் தோற்றார். இந்தத் தடவை மற்றப் பக்கம்: தயங்கக்கூடாது என்று மனதில் வைத்துக்கொண்டு, பாதசாரிக் கடவையில் ஒரு காலை வைத்த கிழவருக்கு முன்னால் போய்விட்டார். அன்று கடைக்கு வந்து, சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. அவர் வேலை செய்த பெற்றோல் செட்டை மூடப்போகிறார்கள், அந்த நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. இருபத்திரண்டு வருடம் இருந்த இடம். அவர், "தொட்டியளைத் தோண்டி எடுக்கிறதுக்கே மூண்டு மாசம் வேணும்" என்று மட்டும் சொன்னார். பிறகு மூன்று வாரம் கடைப்பக்கமே வரவில்லை. நர்ஸ் சனிக்கிழமைகளில் வந்து, அந்த மேசையில் தனியாக உட்கார்ந்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காவது சனிக்கிழமை நர்ஸ் சாப்பிடவே இல்லை. வாசலில் நின்றபடி மனைவியைக் கூப்பிட்டார். "அக்கா, அவரு வீடு எங்கன்னு தெரியுமா?"

மனைவிக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. இருவரும் நீலக் காரில் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனார்கள், என்னைச் சமையலறையில் நிற்க வைத்துவிட்டு. அன்று கொத்து அடித்தது நான். ருசியைப் பற்றி வாடிக்கையாளர்கள் மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரை மணித்தியாலத்தில் கார் திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் பெற்றோல்காரர். பக்கத்தில் நர்ஸ். பின்னால் என் மனைவி, இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு.

"என்ன நடந்தது?" என்று அவளைத் தனியாகக் கேட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லை. அவர் கதவைத் திறந்தார். இவ சாவியை நீட்டினா. 'எனக்குக் காலு வலிக்குது, நீங்கதான் என்னை இல்ஃபோர்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்' எண்டா. அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்திட்டார்."

மூன்றாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை காலை. எங்கள் கடைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்: லைசென்ஸ் கிடைத்தால், வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பெற்றோல்காரருக்குத்தான். அன்றைக்குப் பத்தரை மணியிலிருந்து மனைவி வாசலைப் பார்த்தபடி வெங்காயம் வெட்டினாள். பதினொன்றேகாலுக்கு இருவரும் வந்தார்கள். பெற்றோல்காரர் வாசலில் நின்று ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். மனைவி வெட்டிய வெங்காயத்தோடு அழுதாள். வெங்காயத்தால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறாள். அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் பாயாசம்.

அவர்கள் கல்யாணம் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

"உங்களுக்குத் தெரியாதோ?" என்றாள் மனைவி. "பை எப்ப நிலத்துக்குப் போச்சோ, அப்பவே எனக்குத் தெரியும்."

நர்ஸின் கணவர் பல வருடங்களுக்கு முன் இறந்துபோனவர். ஒரு மகள், வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பதிவுத் திருமணத்துக்கு வந்த அந்தப் பிள்ளை, பெற்றோல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், "அங்கிள், அம்மா ஓட்டும்போது வேகமாகப் போவார். நீங்கள் ஓட்டினால் எனக்கு நிம்மதி" என்றது. விருந்து எங்கள் கடையில். மாலையோடு இருவரையும் அந்தச் சின்ன மேசையில் உட்கார வைத்துப் படமெடுத்தோம். நர்ஸ் எங்கிருந்தோ வெள்ளைக் கையுறை ஒரு சோடி வாங்கி வந்து போட்டிருந்தார்.

ஒரு வருடம் கழித்து இருவரும் மூன்று வாரம் அமெரிக்கா போனார்கள். எங்கே போகிறீர்கள், என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். பெற்றோல்காரர் ஆராய்ந்து வைத்திருந்தார். "நியூ ஜெர்சி எண்டொரு மாநிலம் இருக்கு, அண்ணை. அங்கை நாங்கள் இறங்கிப் பெற்றோல் அடிக்க ஏலாது. சட்டம். வேலையாள்தான் வந்து அடிப்பான்."

அங்கிருந்து ஒரு பின்னேரம் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிட்டார். அவர்களுக்கு அது காலை. கடையில் கூட்டமில்லை. மனைவியும் நானும் தோடம்பழ மேசையில் இருந்து பார்த்தோம். பெரிய வாடகைக் கார், இடது பக்கத்தில் ஸ்டியரிங், அதில் நர்ஸ். பெற்றோல்காரர் பக்கத்து இருக்கையில். தடித்த ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் வந்தார். கழுத்துப்பட்டி இல்லை, சிரிப்பும் இல்லை. எவ்வளவு என்று கேட்டார், பெற்றோல் அடித்தார்.

"ஒரு ஆள்தான்" என்று பெற்றோல்காரர் எங்களிடம் ரகசியமாகச் சொன்னார். "கண்ணாடியும் துடைக்கேல்லை."

பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கைபேசியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். படம் ஆடியது, ஆனால் கேட்டது. "நானும் லண்டனில் இருபத்திரண்டு வருடம் இந்த வேலைதான் செய்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஆள் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். லண்டனில் குளிர் எப்படி என்று கேட்டார். எத்தனை பம்ப் என்று கேட்டார். இரண்டு பேரும் பம்புகளைப் பற்றி, நிற்கிற வேலையில் முழங்கால் என்ன பாடுபடும் என்பதைப் பற்றி, பின்னால் இன்னொரு கார் வந்து நிற்கும்வரை கதைத்தார்கள். போகும்போது அந்த ஆள் ஒரு துணியை எடுத்து, கேட்காமலே, முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டார். நர்ஸ் உள்ளேயிருந்து, வெள்ளைக் கையுறை இல்லாமலே, மகாராணி மாதிரிக் கையசைத்தார்.

இப்போது பெற்றோல்காரர் மருந்துக்கடை வான் வண்டியில் இல்ஃபோர்ட் முழுக்கச் சுற்றுகிறார். அவருக்காகக் காத்திருக்கிற வயதானவர்கள் நிறையப் பேர். மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடிவிடாமல் இரண்டு வார்த்தை பேசுவாராம். முகம் தெரியாது என்று எங்களிடம் குறைப்பட்டவருக்கு, இப்போது தெருவில் நடந்து போனால் கைகாட்டுகிறவர்களுக்குப் பதில் கைகாட்டியே நேரம் போகிறது.

சனிக்கிழமைகளில் இருவரும் நீலக் காரில்தான் வருகிறார்கள். அவர்தான் ஓட்டுவார். கடைக்கு எதிரே ஓர் இடம் காலியாக இருந்தால், இரண்டு காருக்கு நடுவே பின்பக்கமாக விடத் தொடங்குவார். கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே, திரும்ப உள்ளே. வழி விட்டுக் காத்திருக்கிற கார்களுக்கெல்லாம் யன்னலால் கையை நீட்டி நன்றி சொல்வார். பஸ் மேசையில் இருப்பவர்கள் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நர்ஸ் இந்த வேலை தொடங்கும்போதே இறங்கி உள்ளே வந்துவிடுவார்.

"அக்கா, எனக்கு இப்பவே குடுத்துருங்க" என்பார். "அவருக்கு ஒரு பத்து நிமிஷம் கழிச்சு இடியப்பம் அவிச்சாப் போதும். சூடா இருக்கும்."